மருந்து வேலை செய்வதை ஸ்கேன் உடனே காட்டுமா?

கேள்வி: எங்கள் மகள் 29 வாரத்திலேயே பிறந்துவிட்டாள். மூச்சுத் திணறலுக்கு நுரையீரலுக்குள் சர்ஃபாக்டன்ட் மருந்து விட்டார்கள். அதன் பிறகு நெஞ்சில் அடிக்கடி அல்ட்ராசவுண்ட் பார்க்கிறார்கள். முதலில் 11 என்றார்கள். இரண்டு மணி நேரம் கழித்தும் 10 தான். மருந்து பலிக்கவில்லையா டாக்டர்? இத்தனை ஸ்கேன் அவளுக்குத் தாங்குமா?

பதில்: தாங்கும் அம்மா. இதில் கதிர்வீச்சு கிடையாது, வெறும் ஒலி அலைகள்தான். இன்குபேட்டரைவிட்டு எடுக்காமலே சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். உடம்பு குளிரக் கூடாது, அதிகம் அசைக்கக் கூடாது. நான் ஜெல்லை வெதுவெதுப்பாக்கிய பிறகுதான் தொடுவேன்.

சரி, அந்த 11க்கு வருவோம். பொதுவாக ஒவ்வொரு பக்க நுரையீரலிலும் மூன்று இடங்களைப் பார்த்து, இடத்துக்கு 0 முதல் 3 வரை போடுவோம். மொத்தம் 18. பரீட்சை மார்க்குக்கு நேர்மாறாக, இது குறையக் குறைய நல்லது. காற்று நிறைந்த இடத்தில் ஒலி உள்ளே போகாமல் திரும்பிவிடும். திரையில் படுக்கைக் கோடுகள் மட்டும் தெரியும். அது 0. நீர் கோத்திருந்தால் வெள்ளைக் கோடுகள் செங்குத்தாக இறங்கும். விலகி நின்றால் 1, நெருங்கிக் கலந்துவிட்டால் 2. காற்றே இல்லாமல் இறுகிப்போன இடத்துக்கு 3.

மருந்து போனதும் சுருங்கிக் கிடந்த காற்றறைகள் விரியும். ரத்தத்தில் ஆக்சிஜன் சீக்கிரமே ஏறும். தேங்கிய நீர் வடிவதற்குத்தான் நேரம் பிடிக்கும். ஆகவே ஸ்கேன் படம் பின்தங்கியே தெளியும். இரண்டு மணி நேரத்து 10ஐ மட்டும் வைத்து மருந்து தோற்றது என்று நான் முடிவு கட்ட மாட்டேன். இப்போது எத்தனை சதவீத ஆக்சிஜன் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். 40இலிருந்து 25க்கு இறங்கியிருந்தால் (நாம் சுவாசிக்கும் காற்றில் 21) அது நல்ல செய்தி. பெற்றோரிடம் இதைச் சொல்லாமல் ஸ்கேன் எண்ணை மட்டும் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆக்சிஜன் தேவையும் குறையாமல் எண்ணும் அப்படியே நின்றால், இரண்டாவது டோஸ் பற்றி யோசிப்போம். அப்புறம் வேறு காரணங்களையும் தேடுவோம்: கிருமித் தொற்று, நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிவு. காற்று கசிந்திருந்தால், மூச்சோடு சேர்ந்து வழுக்கிப் போக வேண்டிய நுரையீரல் உறை அந்த இடத்தில் அசையாது. அதை இதே ஸ்கேனில் படுக்கையருகிலேயே பார்த்துவிடலாம்.

நடுவில் எக்ஸ்ரே கேட்டால் மறுக்காதீர்கள். மூச்சுக்குழாயில் வைத்த ட்யூப் சரியான இடத்தில் இருக்கிறதா, நுரையீரல் அளவுக்கு மீறி விரிந்திருக்கிறதா என்பதற்கு இன்னும் எக்ஸ்ரேதான் வேண்டும்.