எலிக்கு ரவைத் தோட்டா: கேள்வி-பதில்

கேள்வி: செங்குன்றத்தில் அரிசி குடோன். அப்பா பெயரில் உரிமம் உள்ள பன்னிரண்டு போர் (12 bore) இரட்டைக் குழல் துப்பாக்கி இருக்கிறது. வேகம் குறைந்த தோட்டா வாங்கி உள்ளேயே எலி சுடலாமா?

பதில்: கூடாது. உரிமம் அப்பா பெயரில் என்றால் முதலில் நீங்கள் அதைத் தொடவே கூடாது. அப்புறம், வேகம் குறைவு என்றால் விநாடிக்கு 370 மீட்டர் போவது 300 சொச்சம் போகும், அவ்வளவுதான். பத்தடி தூரத்தில் ரவை, அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் ஈயக் குருணை, விரியாது. முப்பது கிராம் ஈயமும் ஒரு கைப்பிடி அகலத்துக்குள் மொத்தமாகப் போய் விழும். எலி தப்பும், மூட்டை கிழியும். சிமென்ட் தரையில் பட்ட ரவை உங்கள் முழங்காலுக்கே திரும்பி வரும். அரிசியில் கலந்த ஈயத்தை யார் பொறுக்குவது?

கேள்வி: வெளிநாட்டில் எலிக்கென்றே சின்னத் தோட்டா உண்டாமே?

பதில்: உண்டு. அமெரிக்காவில் பாயிண்ட் டூடூ (.22 அங்குல) ரவைத் தோட்டா. உள்ளே இரண்டு கிராம் பொடி ரவை. ஐரோப்பாவில் 9 மி.மீ. தோட்டத் துப்பாக்கி. இரண்டும் தனியாக நிற்கும் பண்ணைக் கொட்டகைக்கானவை. பாயிண்ட் டூடூ பத்துப் பதினைந்தடி தாண்டினால் உதவாது. உட்புறம் புரி வெட்டிய குழலில் ரவை வளையமாகச் சிதறி நடுவே காலியாக விட்டுவிடும். நம் ஊரில் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் தூங்குகிறது. இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடாதீர்கள்.

கேள்வி: தோட்டாவைப் பிரித்து வெடிமருந்தைக் குறைத்தால் மெதுவாகப் போகும் என்று வீடியோவில் பார்த்தேன். அளவு மட்டும் சொல்லவும்.

பதில்: அளவு சொல்ல மாட்டேன். இந்தக் கடிதம் ஊர் மாறி, பெயர் மாறி வந்துகொண்டே இருக்கிறது. புகையில்லா மருந்து அழுத்தம் இருந்தால்தான் ஒழுங்காக எரியும். குறைத்தால் அரைகுறையாக எரிந்து, வாடும் (wad, மருந்துக்கும் ரவைக்கும் நடுவே இருக்கும் அடைப்பு) ரவையும் குழலுக்குள்ளேயே நின்றுவிடும். வெளியே 'புஸ்' என்று ஒரு சத்தம். தோட்டா நமத்துப் போச்சு என்று நினைத்து அடுத்ததைப் போட்டுச் சுடுவீர்கள். அப்போது வெடிப்பது குழல். அதைத் தாங்கிப் பிடித்திருப்பது உங்கள் இடது கை. வெடிக்காமல் போனாலும் குழல் வீங்கலாம். குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உள்ளே கறுப்பாக நிழல் வளையம் தெரிந்தால் அந்தத் துப்பாக்கியின் கதை முடிந்தது. ரவைக்குப் பதில் கல் உப்பு போடுகிறேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். கடற்கரை ஊரில் உட்கார்ந்துகொண்டு குழலுக்குள் உப்பா? துருப் பிடித்துவிடும். சத்தம் 'புஸ்' என்றால் சுடுவதை நிறுத்துங்கள், தோட்டாவை எடுங்கள், குழலுக்குள் பாருங்கள். எத்தனை தடவை எழுதினாலும் அளவுதான் கேட்கிறார்கள்.

கேள்வி: நங்கநல்லூர் ஃபிளாட். ஏர்கன் போதுமா? உரிமம் வேண்டுமா?

பதில்: .177 அங்குலக் குழல், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருந்தால் 2016 ஆயுத விதிகள்படி உரிமம் வேண்டாம். ஆனால் டைல்ஸ் தரையில் குண்டு தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். குண்டடி பட்ட எலி பரணுக்குப் பின்னால் போய்ச் செத்தால் ஒரு வாரம் நாற்றம். இங்கேயும் அதேதான்: பின்னால் என்ன இருக்கிறது?

கேள்வி: மயிலாப்பூர் வீட்டில் மூஞ்சூறு கீச்கீச் என்று ஓடுகிறது. எதால் சுடலாம்?

பதில்: அம்மா, அது எலியே இல்லை. கரப்பான் தின்னும். விட்டுவிடுங்கள்.

கேள்வி: சரி, சுடாமல் என்னதான் செய்வது?

பதில்: அடிக்கும் பொறி, தேங்காய்ச் சில்லு. புதுப் பொருளைக் கண்டால் எலி ஒதுங்கும். இரண்டு மூன்று நாள் பூட்டாமல் வைத்துத் தின்னவிட்டு, அப்புறம் பூட்டுங்கள். சுவர் ஓரமாக, இரை வைத்த முனை சுவரைத் தொடும்படி வையுங்கள். அரை அங்குலச் சந்து எலிக்குப் போதும். கம்பி வலையும் சிமென்டும் வைத்து அடையுங்கள். குடோனில் மூட்டையைச் சுவரிலிருந்து ஒன்றரையடி தள்ளி அடுக்குங்கள். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். ஈரம் பட்டால் விஷவாயு. மாற்று மருந்து கிடையாது. 2024 நவம்பரில் குன்றத்தூரில் எலி மருந்து வைத்த வீட்டில் தூங்கிய இரண்டு குழந்தைகள் இறந்ததை அதற்குள் மறந்துவிட்டோமா?

கேள்வி: என் துப்பாக்கி சரியாகப் படவில்லை. என்ன காரணம்?

பதில்: என்ன துப்பாக்கி, என்ன தோட்டா, எவ்வளவு தூரம்? எழுதி அனுப்புங்கள், பார்க்கலாம்.