ராங்லர் என்றால் சண்டைக்காரரா?

கேள்வி: ஆங்கிலத்தில் 'ராங்கிள்' என்றால் வாய்ச்சண்டை போடுவது. தவறு என்று பொருள்படும் 'ராங்' என்ற சொல்லிலிருந்துதான் அது பிறந்தது என்கிறார் என் நண்பர். அப்படியானால் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்துத் தேறியவர்களுக்கு 'ராங்லர்' என்று பட்டம் கொடுத்தது ஏன்?

பதில்: உங்கள் நண்பர் ஒலியை மட்டும் வைத்து வேர் சொல்லிவிட்டார். இரண்டுமே முறுக்குதல், வளைத்தல் என்னும் பொருளுடைய பழைய ஜெர்மானிய வேரில் தனித்தனியே கிளைத்தவை. ஒன்றுக்கு மற்றொன்று தாய் அன்று. ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதைச் சொல்லும் 'ரிங்' என்ற வினையும் அந்தக் குடும்பம்தான். வட ஜெர்மனி வழக்கில் ராங்கிளின் உறவுச் சொல் மற்போர் செய்வதைக் குறிக்கும். விடாமல் வாதாடுபவரை நாமும் 'மல்லுக்கு நிற்கிறார்' என்றுதானே சொல்கிறோம்?

கேம்பிரிட்ஜ் பட்டத்தில் இழிவு எதுவும் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் அங்கே பட்டம் பெற விரும்பிய மாணவர், தாம் முன்வைத்த கருத்துகளை லத்தீன் மொழியில் நிலைநாட்ட வேண்டும்; சக மாணவர்கள் மூவர் ஒருவர்பின் ஒருவராக எழுந்து அவற்றை மறுப்பார்கள்; நடுவர் அனைத்தையும் கேட்டு அவர்களின் திறமையை எடைபோடுவார். வாதத்தில் வல்லவர் என்ற பொருளில் எழுந்த ராங்லர் என்னும் பெயர், பின்னர் வாய்மொழி வாதம் ஒழிந்து எழுத்துத் தேர்வு மட்டும் எஞ்சிய காலத்திலும், கணிதத்தில் முதல் வகுப்பில் தேறியவர்களுக்கு நிலைத்துவிட்டது. ஆனந்த மோகன் போஸ் 1874இல் முதல் இந்திய ராங்லர் ஆனார், 1899இல் ஆர். பி. பராஞ்சபே முதலிடத்தையே இன்னொருவருடன் பகிர்ந்துகொண்டார். 1914இல் சென்னைக்கு வந்து இராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த நெவில், 1909ஆம் ஆண்டின் இரண்டாம் ராங்லர். ராங்லர்களை இன்னார் முதல், இன்னார் இரண்டாவது என்று வரிசைப்படுத்தி அறிவிக்கும் வழக்கம் 1909ஆம் ஆண்டோடு நின்றது. இத்தகையோரைச் சண்டைக்காரர் பட்டியலில் சேர்ப்பது பெரும் அநியாயம்.

இன்னொன்றையும் உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். அமெரிக்கப் பண்ணைகளில் குதிரைகளை மேய்த்துக் காத்தவர்களுக்கும் ராங்லர் என்றே பெயர். 'ராங்லர்' என்ற ஜீன்ஸ் காற்சட்டை நிறுவனத்தின் பெயர் அங்கிருந்து வந்தது. அந்தச் சொல்லுக்கும் வாக்குவாதத்துக்கும் பிறப்பில் தொடர்பில்லை. மெக்சிகோவின் ஸ்பானிய மொழியில் குதிரைக்காரரைக் குறிக்கும் 'கபயேராங்கோ' என்பதன் கடைசிப் பாதி, ஆங்கிலேயர் நாவுக்குப் பழகிய ராங்லர் என்ற வடிவத்தை எடுத்துக்கொண்டது என்றே அகராதிகள் விளக்குகின்றன.