கறிவேப்பிலைச் செடியில் புழு: மருந்து அடிக்கலாமா, வளர்க்கலாமா?

கேள்வி: சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் 9ஆம் மாடியில் இருக்கிறோம். காரிடாரில் வைத்திருக்கும் கறிவேப்பிலைச் செடியில் ஆறேழு புழுக்கள். சின்னதாக இருந்தபோது பறவை எச்சம் மாதிரி இருந்தன, இப்போது பச்சையாகிவிட்டன. பாதிச் செடி மொட்டை. மருந்து அடிக்கச் சொல்கிறார் மாமியார். தொடக்கநிலை நான்கில் படிக்கும் மகன், வளர்த்துப் பார்க்கலாம் என்று அடம்பிடிக்கிறான். என்ன செய்வது? வீட்டில் பார்ப்பதைப் பதிவுசெய்தால் ஆய்வாளர்களுக்கு ஏதாவது உபயோகம் உண்டா?

பதில்: மருந்து வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் இவை பெரும்பாலும் காமன் மார்மன் பட்டாம்பூச்சியின் புழுக்கள். கறிவேப்பிலை அழகி என்றும் அதைச் சொல்வார்கள். எலுமிச்சைக் குடும்பத்துச் செடிகள்தான் இதற்கு உணவு. கறிவேப்பிலையும் அந்தக் குடும்பமே. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கிளையுள்ள ஓர் உறுப்பை நீட்டும், நெடி அடிக்கும். எறும்பு போன்ற எதிரிகளை விரட்டத்தான் அது. மகனைக் கடிக்காது, தொட்டால் அரிக்கவும் அரிக்காது.

மாமியாரின் கவலையும் நியாயமானதுதான். இந்தப் புழு ஐந்து பருவங்களைக் கடக்கிறது. மொத்தத் தீனியில் பெரும்பகுதியைத் தின்பது கடைசிப் பருவத்தில், அதாவது பச்சை நிறமான பிறகு. ஆக, உங்கள் செடி மிக மோசமான கட்டத்தில் இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டம் சில நாளில் முடிந்துவிடும். சமையலுக்கு இலை வேண்டுமென்றால் புழு இல்லாத ஒரு கிளையைக் கொசுவலைத் துணியால் கட்டிவிடுங்கள். இனிமேல் தளிர்களை அடிக்கடி பாருங்கள். வெளிர்மஞ்சளில் உருண்டையாக, தனித்தனியாக முட்டைகள் இருக்கும். செடி தாங்காது என்று தோன்றினால் அந்த முட்டைகளைக் கையால் எடுத்துவிடலாம், தப்பில்லை. இது சிங்கப்பூரில் தாராளமாகக் காணப்படும் இனம். மருந்து வேறு விஷயம்: சமையலுக்குக் கிள்ளும் இலையில் அது தங்கும், வேறு பூச்சிகளையும் கொல்லும். ‘இயற்கையானது’ என்று விற்கும் வேப்பெண்ணெய்த் தெளிப்பும் புழுக்களைப் பாதிக்கும்.

தீனி போதாமல் போனால், மருந்து அடிக்காத செடி வைத்திருக்கும் அக்கம்பக்கத்தாரிடம் இரண்டு கொத்து கேளுங்கள். தேக்கா சந்தையில் வாங்கிய இலையை நான் கொடுக்கமாட்டேன். பூச்சிமருந்து மிச்சமிருந்தால் புழு ஒரே நாளில் செத்துப்போகும், கழுவினாலும் முழுதாகப் போகும் என்று நம்ப முடியாது. நர்சரியிலிருந்து அன்றைக்கே வாங்கிவந்த செடிக்கும் இதே ஆபத்து உண்டு.

வளர்ப்பதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. காற்றோட்டமான பெட்டி, தண்ணீர்ப் புட்டியில் செருகிய கிளை, புட்டியின் வாயைப் பஞ்சால் அடைப்பது. அடைக்காவிட்டால் புழு உள்ளே விழுந்து மூழ்கும், கொசுவும் முட்டையிடும். டெங்கி விஷயத்தில் தொட்டித் தட்டுத் தண்ணீரையும் விடக்கூடாது. தொட்டிகளை வைத்தபின் நடைவழியில் 1.2 மீட்டர் அகலம் வழிவிட்டிருக்க வேண்டும், அது தீப்பாதுகாப்பு விதி. புழு தின்பதை நிறுத்திவிட்டு அங்குமிங்கும் அலைந்தால் கூட்டுப்புழுவாகப் போகிறது என்று அர்த்தம். இடுப்பில் ஒரு பட்டு நூலைக் கட்டிக்கொண்டு சாய்ந்து நிற்கும். கூட்டின் நிறம் பச்சையாகவும் இருக்கலாம், பழுப்பாகவும் இருக்கலாம். ஏறத்தாழ பத்து நாளில் பட்டாம்பூச்சி வெளிவரும். அப்போது சிறகு ஈரமாகச் சுருங்கியிருக்கும். தொங்கி விரிக்க இடமும் சில மணி நேரமும் கொடுங்கள், யாரும் தொடவேண்டாம். பிறகு அதே காரிடாரிலிருந்து பறக்கவிடுங்கள்.

வெளிவருவது பெண்ணாக இருந்தால் மகனை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். சில பெண்கள் ஆணைப் போலவே இருக்கும். மற்றவை காமன் ரோஸ் என்ற வேறொரு பட்டாம்பூச்சியைப் போல வேடமிட்டிருக்கும். காமன் ரோஸின் புழு நஞ்சுள்ள ஒரு கொடிச்செடியைத் தின்று வளர்வதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. கறிவேப்பிலை தின்று வளர்ந்த நம்முடையதில் அந்த நஞ்சு இல்லை, வேடம் மட்டும்தான் காப்பாற்றுகிறது. ஆண், பெண் உடலமைப்பைத் தீர்மானிக்கும் டபுள்செக்ஸ் என்ற ஒற்றை மரபணுதான் இந்த வேடத்தையும் இயக்குகிறது என்று 2014இல் கண்டுபிடித்தார்கள். 2015இல் சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் நடத்திய வாக்கெடுப்பில் தேசியப் பட்டாம்பூச்சியாகத் தேர்வானது அந்த காமன் ரோஸ்தான்.

இனி ஆய்வு பற்றி. கடந்த 160 ஆண்டுகளில் சிங்கப்பூர் தன் பட்டாம்பூச்சி இனங்களில் கிட்டத்தட்டப் பாதியை இழந்துவிட்டது என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. எவை போயின என்பதுதான் முக்கியமான கேள்வி. கோ லியன் பின், நவ்ஜோத் சோதி, பாரி புரூக் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2004இல் சிங்கப்பூர்ப் பட்டாம்பூச்சிகளை ஆராய்ந்தபோது, குறிப்பிட்ட சில செடிகளை மட்டும் புழுப்பருவத்தில் தின்பவையும் காட்டை விட்டு வெளியே வாழ முடியாதவையும்தான் அதிகம் அழியக்கூடியவை என்று தெரிந்தது. ஒரு செடி போனால் அதை நம்பிய பட்டாம்பூச்சியும் போகும். எது எந்தச் செடியை நம்பியிருக்கிறது என்பதைப் பறக்கும் பட்டாம்பூச்சியைப் பார்த்துச் சொல்ல முடியாது. தேன் குடிக்க அது எந்தப் பூவுக்கும் போகும். புழுவை அதன் செடியில் கண்டு, கடைசிவரை வளர்த்துப் பார்த்தால்தான் உறுதியாகும். உங்கள் மகன் செய்ய நினைப்பது அதே முறைதான். உங்கள் வீட்டுப் புழு அரிய இனமல்ல, அதை வளர்ப்பதால் ஓர் இனம் காப்பாற்றப்படும் என்று சொல்லமாட்டேன். ஆனால் பதிவுக்கு மதிப்பு உண்டு.

பார்த்த உயிரினங்களைப் படத்தோடு பதியும் ஐநேச்சுரலிஸ்ட் செயலி போதும். தேதி, செடியின் பெயர், எத்தனையாவது மாடி, புழுவின் பருவம் ஆகியவற்றை எழுதுங்கள். செடியும் தெரியும்படி படமெடுங்கள். செடி நீங்கள் வைத்ததாக இருந்தாலும் புழு தானாக வந்ததுதான், எனவே அதைக் காட்டுயிர் என்றே பதியலாம். வீட்டு முகவரி தெரியாதபடி இடத்தை மங்கலாக்கும் வசதி அதில் இருக்கிறது, பயன்படுத்துங்கள். எலுமிச்சை அழகி என்ற வேறொரு பட்டாம்பூச்சியின் இளம் புழுவும் இதைப்போலவே இருப்பதால் செயலி சொல்லும் பெயரை உடனே நம்பவேண்டாம், வெளிவந்த பட்டாம்பூச்சியின் படத்தையும் சேருங்கள். கூட்டில் சிறு துளை விழுந்து குளவிகள் வந்தால் மகன் அழக்கூடும். அதையும் அவசியம் பதியுங்கள். இப்படிப் பிற பூச்சிகளின் உடலுக்குள் வளர்ந்து அவற்றைத் தின்னும் ஒட்டுண்ணிக் குளவிகளைப் பற்றிய பதிவுகள் பட்டாம்பூச்சிப் படங்களைவிட எவ்வளவோ குறைவு.

ஆர்வம் கூடிப்போய் புக்கிட் தீமா போன்ற இயற்கை வனப்பகுதிகளிலிருந்து புழுவோ இலையோ எடுத்துவராதீர்கள். தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியில்லாமல் அது குற்றம்.

மொட்டையான கிளைகளைப் புழுக்கள் போனபின் கொஞ்சம் கவாத்து செய்து, உரம் போட்டு, வெயில் படும் பக்கம் வையுங்கள். கறிவேப்பிலை வெட்ட வெட்டத் தழைக்கும் செடி, சில வாரங்களில் தாளிக்க இலை கிடைக்கும் என்று மாமியாரிடம் சொல்லுங்கள்.