ஸ்கீ ஜாக்கெட், ஸ்நோ பேன்ட் அளவு பாத்து எடுக்கிறது: கேள்வி பதில்

வணக்கம் மக்களே. டொரான்டோ பக்கம் ஒரு கடையில குளிர்காலம் பூரா சனி ஞாயிறு ஸ்கீ துணி செக்‌ஷன்ல நிக்கிற ஆள் நான். பூட், பைண்டிங் (பூட்டை ஸ்கீயில மாட்டுற பிடி) பத்தி என்கிட்ட கேக்காதீங்க, அதுக்குன்னு ஆள் இருக்காங்க, அதுல குத்துமதிப்பா ஏதாவது சொன்னா உங்க முட்டி போயிடும். ஜாக்கெட், பேன்ட், உள்ள என்ன போடணும், இதுல எது வேணா கேளுங்க. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடுறேன்: காட்டன் வேணாம், ஜீன்ஸ் வேணாம். இதுக்கப்புறமும் கேப்பீங்க, தெரியும்.

புதுக்குளிர்: குடும்பத்தோட முதல் தடவையா ப்ளூ மவுண்டன் ஸ்கீ மலைக்குப் போறோம். ஒரு சைஸ் பெருசா எடுத்துட்டா உள்ள ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கலாம்ல?

வேணாம். இதுக்கு கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன், ஏன்னா நம்மாளுங்க கடைக்குள்ள நுழைஞ்சதும் கை போறதே பெரிய சைஸ் மேலதான். ஸ்கீ ஜாக்கெட்டை வெட்டும்போதே உள்ள ஒரு ஃப்ளீஸ் (மெத்துன்னு இருக்கிற பாலியெஸ்டர் மேல்சட்டை) போடுற இடம் விட்டுத்தான் வெட்டுவாங்க, அதனால நீங்க வழக்கமா போடுற சைஸே போதும். அதுக்கும் மேல பெருசானா கீழ இருந்து காத்து உள்ள ஏறும், கை நீளம் விரல் வரைக்கும் வந்து க்ளவ் ஒழுங்கா உக்காராது, பேன்ட்டோட கவட்டை முட்டிக்கு இறங்கிடும், காலைத் தூக்கி வைக்கவே கஷ்டம். அதுக்காக இறுக்கமா எடுத்தாலும் வேலைக்காகாது, உள்ள இருக்கிற பஞ்சு அமுங்கிடும், பஞ்சுக்குள்ள நிக்கிற காத்துதான் உங்களை சூடா வைக்குது, அது போச்சுன்னா எவ்வளவு விலை குடுத்த ஜாக்கெட்டும் வெறும் துணிதான்.

போட்டுப் பாக்கும்போது கண்ணாடி முன்னாடி விறைப்பா நிக்காதீங்க, மலையில யாரும் அப்படி நிக்கிறதில்ல. மலைக்கு என்ன ஃப்ளீஸ் போடப்போறீங்களோ அதையே போட்டுக்கிட்டு கடைக்கு வாங்க. ரெண்டு கையையும் முன்னாடி நீட்டுங்க, ஸ்கீ கம்பு பிடிக்கிற மாதிரி, அப்பவும் கை நுனி மணிக்கட்டு எலும்பை மூடணும். கையை மேல தூக்குங்க, ஜாக்கெட் மேல போய் பேன்ட் இடுப்பு வெளிய தெரிஞ்சா அந்த ஜாக்கெட் கட்டை. அப்புறம் பேன்ட்டோட நம்மூர் ஸ்டைல்ல நல்லா குந்தி உக்காருங்க, பின்னாடி இடுப்பு இறங்கக்கூடாது, முட்டியில பிடிக்கக்கூடாது, கவட்டையில இழுக்கக்கூடாது. பெஞ்ச் மேல ஒரு காலைத் தூக்கி வெச்சும் பாருங்க. செருப்போட நிக்கும்போது பேன்ட் கச்சிதமா இருக்கேன்னு சந்தோஷப்பட்டா அது மலையில கட்டையாயிடும், முட்டி மடங்கும்போது துணி மேல ஏறும், பூட்டோட தடிமனும் கொஞ்சம் தின்னுடும். வெறுங்காலோட நிக்கும்போது குதிகால்ல லேசா இடிக்கணும், அதுதான் சரியான நீளம்.

ரெண்டு ஸ்வெட்டர் ஐடியாவை விட்டுடுங்க. உடம்போட ஒட்டி ஒரு தெர்மல் (மெரினோ கம்பளி இல்லன்னா பாலியெஸ்டர், காட்டன் கிடையாது), அதுக்கு மேல ஒரு ஃப்ளீஸ், அதுக்கு மேல ஜாக்கெட், அவ்வளவுதான்.

ரெண்டு புள்ளைக்கு அம்மா: டேக்ல 5கே, 10கே, 20கேன்னு போட்டிருக்காங்களே, அது என்ன கணக்கு?

துணி மேல தண்ணியைத் தூண் மாதிரி நிக்க வெச்சா எத்தனை மில்லிமீட்டர் உயரம் வரைக்கும் ஒழுகாம தாங்கும்ங்கிற கணக்கு. 10கேன்னா 10,000 மில்லிமீட்டர். ஒன்டாரியோவுக்கு 10கே போதும். வான்கூவர், விஸ்லர் பக்கம் ஈரப்பனியும் மழையும் கலந்து கொட்டும், அங்க 20கே பாருங்க. கூடவே இன்னொரு நம்பர் இருக்கும், ஒரு சதுர மீட்டர் துணி 24 மணி நேரத்துல எத்தனை கிராம் வேர்வை ஆவியை வெளிய விடும்னு, அதையும் பாருங்க. நம்பரை விட முக்கியமா தையலைப் பாருங்க. உள்பக்கம் எல்லாத் தையல் மேலயும் டேப் ஒட்டியிருந்தா நல்லது, தோள்லயும் கழுத்துலயும் மட்டும் ஒட்டியிருந்தா நாள் பூரா ஈரத்துல நிக்கிறதுக்கு தாங்காது.

கால்கரி மாமா: தம்பி, ஜீன்ஸ் போட்டா என்ன ஆகும்? 2010 வான்கூவர் ஒலிம்பிக்ஸ்ல அமெரிக்க ஸ்நோபோர்ட் டீமே ஜீன்ஸ் போட்டுத்தானே ஆடுனாங்க, டிவியில பாத்தேனே?

மாமா, அது ஜீன்ஸ் இல்ல. பர்ட்டன் கம்பெனி கோர்டெக்ஸ்ங்கிற தண்ணி புகாத துணி மேல நைஞ்சுபோன ஜீன்ஸ் மாதிரி பிரிண்ட் அடிச்சுக் குடுத்த பேன்ட் அது. நிஜ ஜீன்ஸ் காட்டன், பனியில ஒரு தடவை விழுந்து எழுந்தாலே தண்ணியை உறிஞ்சிக்கும், மலை மேல ஏத்திவிடுற லிஃப்ட் நாற்காலியில காத்து அடிக்கும்போது தொடையில விறைச்சு நிக்கும், உங்க கால்கரி குளிர்ல அது விளையாட்டில்ல.

சூரிச்சிலிருந்து ஒரு அக்கா: தம்பி, என்ர மகனை ஸ்கூலால ஒரு கிழமை ஸ்கீலாகருக்கு (ஸ்கீ முகாம்) கூட்டிக்கொண்டு போகினம். 11 வயசு, வளர்ற பிள்ளை. புதுசா வாங்கவேணுமோ, இல்லாட்டி இரவலா எடுத்துச் சமாளிக்கலாமோ?

அக்கா, ஒரு வாரத்துக்குப் புதுசு தேவையே இல்ல. உங்க ஊர்ல ப்ரோக்கின்னு சொல்ற பழைய சாமான் கடையிலயே நல்ல சாமான் கிடைக்கும், கூடப் படிக்கிற பெரிய பசங்க வீட்லயும் கேளுங்க, அங்க எல்லார் வீட்லயும் சின்னதாப்போன ஸ்கீ துணி ஒரு பை கிடக்கும். பழசு எடுக்கும்போது உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க, கோட்டிங் உரிஞ்சு பொடிப்பொடியா உதிர்ந்தாலோ கையில பிசுபிசுன்னு ஒட்டினாலோ எடுக்காதீங்க, ஜிப்பை ரெண்டு மூணு தடவை ஏத்தி இறக்கிப் பாருங்க, கணுக்கால்கிட்ட உள்ள ஒரு எலாஸ்டிக் பட்டை இருக்கும், அது நைஞ்சிருக்கான்னு பாருங்க. அந்தப் பட்டை பூட்டுக்கு மேல இறங்கணும், பையன் அதை பூட்டுக்குள்ள திணிச்சிடுவான், போறதுக்கு முன்னாடி வீட்லயே ஒரு தடவை போட வெச்சுக் காட்டிடுங்க. புதுசுதான் வாங்கணும்னா காலை நீட்டிக்கிற வசதி இருக்கிற குழந்தை பேன்ட் கேளுங்க, உள்ள ஒரு கலர் நூல் தையல் இருக்கும், அதை அறுத்துவிட்டா கொஞ்சம் நீளம் இறங்கும், இன்னொரு சீசன் ஓட்டலாம். ரெண்டு சைஸ் பெருசா வாங்கி மடிச்சு மட்டும் விடாதீங்க, மடிப்பு ஸ்கீயில மாட்டிக்கும். சால்வை குடுத்து அனுப்பாதீங்க, லிஃப்ட்ல சிக்கிடும், கழுத்துக்கு ட்யூப் மாதிரி இருக்கிறதைப் போட்டு விடுங்க.

போர்டுக்காரன்: ப்ரோ, நீங்க சொல்றதெல்லாம் ஸ்கீ ஆளுங்களுக்கு. ஸ்நோபோர்டுன்னா பேகிதான். நான் மீடியம், எக்ஸ்எல் பேன்ட் எடுத்திருக்கேன், செம்மயா இருக்கு.

தம்பி, பேகி கட்டும் பெரிய சைஸும் வேற வேற. பேகி கட்ல மீடியம் எடுத்தா இடுப்பும் கவட்டையும் உனக்குச் சரியா இருக்கும், தொடையும் காலும் மட்டும் அகலமா இருக்கும், குனியலாம், பைண்டிங் மாட்ட உக்காரலாம், எல்லாம் சுலபம். சாதா கட்ல எக்ஸ்எல் எடுத்தா இடுப்பை பெல்ட் போட்டு மூட்டை மாதிரி கட்டணும், கீழ் விளிம்பை உன் குதிகாலே மிதிச்சுக் கிழிக்கும். போர்டுக்கு பேகி கட் நல்லதுதான்னு நானும் ஒத்துக்கிறேன். நீ பாதி நேரம் பனியில உக்காந்தும் முட்டி போட்டும் இருப்ப, அந்த அழுத்தத்துல தண்ணி சும்மா நிக்கிறதை விட வேகமா உள்ள ஏறும், அதனால பின்பக்கமும் முட்டியும் ரெட்டைத் துணியா இருக்கிறதா பாரு, ஜாக்கெட்ல மிச்சம் பிடிச்சு பேன்ட்ல போடு.

போர்டுக்காரன்: ஓகே கட் விஷயம் புரியுது. ஆனா ஸ்டைல் ப்ரோ ஸ்டைல்.

ஸ்கீ மட்டும்: தொளதொளன்னு போட்டா காத்துல பாராசூட் மாதிரி பிடிச்சு இழுக்கும். ரேஸ் ஆளுங்க எல்லாம் ஒட்டினாப்ல சூட் போடறது சும்மாவா?

போர்டுக்காரன்: பல பேர் ஒண்ணா சேர்ந்து இறங்குற ஸ்கீ கிராஸ் ரேஸ்ல தொளதொளதான் போடணும்னு ரூலே இருக்கு அண்ணா, தெரியுமா?

தம்பி சொல்றது சரி. டவுன்ஹில் ரேஸுக்கு ஒட்டுற சூட் உண்டு, அதுலயும் கன்னாபின்னான்னு காத்துப் புகாத துணி போட முடியாது, ஒரு சதுர மீட்டருக்கு நொடிக்கு 30 லிட்டர் காத்தாவது துணி வழியா போகணும்னு சர்வதேச ஸ்கீ சங்கத்தோட விதி. ஸ்கீ கிராஸ்ல உடம்போட ஒட்டவே கூடாது. 2014 சோச்சியில இதை வெச்சுப் பெரிய ரகளை. ஆண்கள் ஸ்கீ கிராஸ்ல தங்கம், வெள்ளி, வெண்கலம் மூணும் ஃபிரான்ஸுக்கு. அவங்க ஆளுங்க பேன்ட்ல முட்டிக்குக் கீழ துணியை காத்துக்குத் தோதா வடிவம் மாத்தி விட்டாங்கன்னு கனடாவும் ஸ்லோவேனியாவும் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. புகாரை நேரம் கடந்து குடுத்தீங்கன்னு தள்ளுபடி ஆயிடுச்சு.

ஸ்கீ மட்டும்: அப்போ தொளதொளன்னா ஸ்லோன்னு நான் சொன்னது கரெக்ட்தானே, இல்லன்னா எதுக்கு மாத்தப்போறாங்க?

போர்டுக்காரன்: ஸ்லோவா இருந்தாலும் எல்லாருக்கும் ஒரே மாதிரி ஸ்லோ, அதான் ரூல்.

கால்கரி மாமா: மலையில இருந்து தாவுறவங்க சூட் பத்தியும் கொஞ்ச காலம் முன்னாடி ஏதோ பிரச்சினை வந்துச்சே?

ஸ்கீ ஜம்பிங் மாமா, 2025 மார்ச், ட்ரோண்ட்ஹெய்ம் உலக சாம்பியன்ஷிப். அங்க கதை தலைகீழ். துணி கொஞ்சம் கூடுதலா இருந்தா காத்து தூக்கிக் குடுக்கும், தூரமா பறக்கலாம், அதனால சூட் உடம்புக்கு நெருக்கமா இருக்கணும்னு அளவெடுத்துத்தான் விடுவாங்க. நார்வே டீம் சூட்ல ஒரு விறைப்பான நூலை வெச்சுத் தைக்கிறது வீடியோவுல மாட்டிக்கிச்சு, ரெண்டு வீரருங்களை தகுதி நீக்கம் பண்ணினாங்க. சொந்த ஊர்லயே நடந்த போட்டி வேற. பாருங்க, மலை ஏறினா ஒரு பேன்ட்டோட கவட்டை அளவுக்கு எவ்வளவு மதிப்புன்னு.

ரெண்டு புள்ளைக்கு அம்மா: நீங்க ஒலிம்பிக்ஸ் பேசுங்க, நான் இங்க டிரயல் ரூம்ல நிக்கிறேன். லேடீஸ் பேன்ட்ல இடுப்பு சரியா இருந்தா தொடையில பிடிக்குது, தொடை சரியா இருந்தா இடுப்பு லூஸு.

மன்னிச்சுக்கங்க. தொடைக்கு எடுங்க, இடுப்பை உள்ள இருக்கிற வெல்க்ரோ பட்டையால இழுத்துக்கலாம், தொடையை ஒண்ணும் பண்ண முடியாது. பக்கவாட்டுல ரெண்டு பக்கமும் பட்டை இருக்கிற பேன்ட்டா பாருங்க. ஸ்ட்ரெட்ச் துணியும் கை குடுக்கும்.

தொப்பை உள்ள மனிதன்: இடுப்பு 40, உயரம் 5 அடி 5. இடுப்புக்கு எடுத்தா கால் ரெண்டு சாண் மிச்சம். டெய்லர்கிட்ட குடுத்து வெட்டிடலாமா?

அவசரப்படாதீங்க. கீழ வெட்டினா விளிம்புல இருக்கிற தடி ரப்பர் மாதிரித் துணி போயிடும், ஸ்கீயோட இரும்பு விளிம்பு உரசிக் கிழிக்காம இருக்க வெச்சது அது. உள்ள இருக்கிற எலாஸ்டிக் பட்டையும் பாழாகும், புதுசா போடுற தையல் ஓட்டையில தண்ணி ஏறும். நிறைய பிராண்ட்ல ஒரே இடுப்புக்கு ஷார்ட், ரெகுலர், லாங்னு மூணு கால் நீளம் வரும், கடையில ரெகுலர்தான் தொங்கும், ஷார்ட் வேணும்னு கேட்டாத்தான் உள்ள இருந்து எடுத்துட்டு வருவாங்க. அதோட உங்களுக்கு பிப் நல்லாருக்கும், தோள்ல பட்டையோட நெஞ்சு வரைக்கும் வர்றது. தொப்பைக்குக் கீழ பெல்ட் நழுவுற பிரச்சினை இல்ல, விழுந்தா இடுப்பு வழியா பனி போகாது. பாத்ரூம்தான் ஒரு வேலை, அதுக்கு பக்கவாட்டு ஜிப் நீளமா இருக்கான்னு பாத்துக்கங்க.

சென்னை வெயில்: ஜனவரியில குல்மார்க் போறோம் அண்ணா, மூணு நாள் பிகினர் ஸ்கீ க்ளாஸ். வழியில டாங்மார்க் ஊர்ல கோட்டும் கம்பூட்டும் வாடகைக்குத் தர்றாங்களாமே, அதுவே போதுமா?

அந்த நீளக் கோட்டு போட்டோ எடுக்கவும் பனியில நடக்கவும் சரி. முட்டிக்குக் கீழ தொங்குற கோட்டைப் போட்டுக்கிட்டு ஸ்கீ பழக முடியாது, கால் விரிக்க விடாது. சென்னையிலயே டெகத்லான்ல வெட்ஸேன்னு அவங்க ஸ்கீ பிராண்ட் இருக்கு, முதல்ல பேன்ட்டும் க்ளவ்வும் அங்க பாருங்க. பிகினர் நாள் பூரா விழுந்துக்கிட்டேதான் இருப்பீங்க, அதனால பேன்ட்டுக்குத்தான் காசு. நல்ல ரெயின் ஜாக்கெட்டும் ஃப்ளீஸும் ஏற்கெனவே இருந்தா அதை வெச்சே மூணு நாள் ஓட்டிடலாம். ட்ராக் பேன்ட் மேல ட்ராக் பேன்ட் போடாதீங்க. ஜீன்ஸும் போடாதீங்க, கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன்.

சென்னை வெயில்: என் கசின் குடுத்த ஜாக்கெட்ல ரெக்கோன்னு ஒரு பட்டை தெச்சிருக்கு. பேட்டரி எங்க போடணும்?

பேட்டரி கிடையாது. மீட்புப் படைகிட்ட இருக்கிற கருவி அனுப்புற சிக்னலை அது திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். பனிச்சரிவுக்கான பீக்கன் கருவிக்கு அது மாற்று இல்ல. நீங்க குல்மார்க் கொண்டோலாவுல (ரோப் கார்) ரெண்டாவது கட்டம் ஏறி அஃபர்வத் மலை பக்கம் இறங்குற ஆள் இல்லையே, அப்போ கவலை வேணாம்.

துவைக்கிறவன்: ஜாக்கெட் பழசாச்சு, பனி மேலயே ஊறுது. தூக்கிப் போட்டுடவா?

வேணாம். மேல தண்ணி உருண்டு ஓடுறதுக்கு ஒரு பூச்சு இருக்கும், அழுக்கு சேர்ந்தா அது வேலை செய்யாது. நிக்வாக்ஸ் மாதிரி அதுக்குன்னு விக்கிற சோப்புல துவைச்சு, லேபிள்ல டிரையர் அனுமதி இருந்தா குறைஞ்ச சூட்ல போடுங்க, சூடு பட்டா பூச்சு திரும்ப எழும்பும். அப்பவும் ஊறினா ஸ்ப்ரே வாங்கி அடிங்க. ஃபேப்ரிக் சாஃப்ட்னர் ஊத்தாதீங்க. ஊத்தவே ஊத்தாதீங்க.

இப்பதான் வந்தேன்: வணக்கம் ப்ரோ, ஜீன்ஸுக்குள்ள தெர்மல் போட்டா ஓகேவா?

மேல போய் கால்கரி மாமாவுக்குச் சொன்ன பதிலைப் படிங்க.

இப்பதான் வந்தேன்: படிச்சேன். தெர்மலோட காலு ஸ்கீ பூட்டுக்குள்ள போகணுமா வெளிய நிக்கணுமா?

இது நல்ல கேள்வி. பூட்டுக்குள்ள ஒரே ஒரு மெல்லிசான நீள சாக்ஸ் மட்டும் போகணும், தெர்மலோட காலு பூட்டுக்கு மேல கெண்டைக்கால்லயே நின்னுடணும். மடிப்பு உள்ள போச்சுன்னா ஒரு மணி நேரத்துல வலி உயிரை எடுக்கும். முக்கால் நீள தெர்மல் இதுக்குன்னே விக்குது.

போர்டுக்காரன்: ப்ரோ கடைசியா, போர்டு பூட் சைஸ் எப்படி பாக்குறது?

பூட் கவுன்ட்டர்ல கேளு தம்பி. அந்த எக்ஸ்எல் பேன்ட்டை டேக் வெட்டாம எடுத்துட்டுப் போ, மாத்திக் குடுப்பாங்க.