பாதயாத்திரை: வாசகர் கேள்விகள்

ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் பெருவிழா. வேளாங்கண்ணிக்கு நடக்கக் கிளம்புகிறவர்கள் கேட்டவற்றில் சில.

தஞ்சாவூரிலிருந்து மேடு பள்ளமே இல்லாத ரோடு. போன வருடம் இரண்டாம் நாளே வலது முட்டியின் வெளிப்பக்கம் பிடித்துக்கொண்டது. மலை ஏறினால் வலிக்கலாம், இதில் ஏன்?
– வாசகர், பாபநாசம்

மேடு பள்ளம் இல்லாததால்தான். ஏற்றத்தில் ஒரு தசை, இறக்கத்தில் இன்னொன்று என்று வேலை கைமாறும். டெல்டாவில் அந்தப் பேச்சே கிடையாது. கிலோமீட்டருக்கு 1,300 அடி வைத்தாலும், 90 கி.மீ.க்கு லட்சத்துக்கு மேல் அடிகள். எல்லாம் ஒரே நீளம், ஒரே கோணம்.

இன்னொன்று, தார் ரோடு பார்க்கத்தான் தட்டை. மழைத்தண்ணீர் வடிய நடுவில் உயர்த்தி, ஓரத்தைச் சரித்திருப்பார்கள். எதிரே வரும் வண்டி தெரிய வலது ஓரமாக நடப்பதுதான் சரி. ஆனால் நாள் முழுக்க வலது கால் தாழ்வாகவே இறங்கும். இடுப்பும் முட்டியும் இழுக்கும். அதற்காக இடது ஓரத்துக்கு மாறாதீர்கள், பஸ் முதுகுக்குப் பின்னால் வரும். ரோட்டோர மண் சமமாக இருக்கும் இடத்தில் அதில் இறங்கி நடங்கள். ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லிலும் நூறு அடியைச் சின்னதாக, வேகமாக வையுங்கள். மணிக்கொரு தடவை ஷூவைக் கழற்றி, மதகுக் கட்டையில் காலை நீட்டிப் பத்து நிமிடம் உட்காருங்கள். குறுவை அறுத்த நேரமென்றால் ஓரத்தில் நெல் காயும். மிதிக்காமல் விலகுங்கள், விலகும்முன் பின்னால் பாருங்கள்.

எத்தனை நாளில் போகலாம்? வயலைத் தவிர எதுவும் கண்ணில் படாததால் அலுத்துவிடுகிறது.
– வாசகர், திருவையாறு

மூன்று நாளில் முடிப்பவர்கள் உண்டு. முதல்முறை என்றால் நான்கு நாள் வையுங்கள். தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம் 30 கி.மீ. சொச்சம், அங்கிருந்து திருவாரூர் 25, பிறகு நாகப்பட்டினம் 24, கடைசி நாள் 12. அதிகாலை மூன்றரைக்குக் கிளம்பி ஒன்பது மணிக்குள் பெரும்பகுதியை முடித்துவிட்டு, மீதியை நாலு மணிக்கு மேல் நடக்கலாம். இருட்டில் முதுகுப்பையில் ஒளிரும் பட்டை கட்டாயம். காவி வேட்டி லாரிக்காரர் கண்ணுக்குத் தெரியாது.

அலுப்புக்குக் கல்லையே கடிகாரமாக வைத்துக்கொள்ளலாம். கல்லுக்குக் கல் 13 நிமிடம் வந்தால் நல்ல நடை. அது 16, 17 ஆனால் அலுப்பல்ல, உடம்பில் நீரும் உப்பும் குறைந்திருக்கலாம். உட்கார்ந்து ஓஆர்எஸ் குடியுங்கள். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பெரியதை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் கலக்குவது பலர் செய்யும் தப்பு. உப்பு கூடி தாகமும் குமட்டலும்தான் வரும்.

முடியாமல் போனால் வெட்கப்பட ஒன்றுமில்லை. வழி நெடுக ரயில் பாதை கூடவே வருகிறது: அம்மாப்பேட்டை, கோவில்வெண்ணி, கொரடாச்சேரி, கீழ்வேளூர். எந்த வண்டி எங்கே நிற்கும் என்று கிளம்பும்முன் குறித்துக்கொள்ளுங்கள்.

கொப்புளத்தில் ஊசியால் நூல் கோத்து விட்டால் நீர் வடிந்துவிடும் என்கிறார்களே?
– வாசகர், பூதலூர்

நீர் வடியும், அதே நூல் வழியாக அழுக்கும் உள்ளே போகும். வேண்டாம். சின்னக் கொப்புளத்தைத் தொடாமல் பிளாஸ்டர் போடுங்கள். பெரிதாகி நடக்கவிடாமல் வலித்தால், சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் ஓரத்தில், அடிப்பக்கமாக இரண்டு இடத்தில் குத்தி, துணியால் மெல்ல அழுத்துங்கள். மேல்தோலை உரிக்கக் கூடாது, அதுதான் இயற்கையான கட்டு. சுற்றிச் சிவந்து சூடாக இருந்தாலோ சீழ் வந்தாலோ டாக்டரிடம் போங்கள்.

கொப்புளம் வருமுன் அந்த இடம் சுருக்கென்று சுடும். ‘அடுத்த ஊரில் பார்க்கலாம்’ என்று நடப்பதுதான் வினை. அங்கேயே நின்று, காலைத் துடைத்து, பிளாஸ்டரைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். ஈரமான சாக்ஸை உடனே மாற்றி, கழற்றியதைப் பைக்கு வெளியே ஊக்கு குத்தித் தொங்கவிட்டால் வெயிலில் காய்ந்துவிடும். புது ஷூவோடு கிளம்பவே கிளம்பாதீர்கள்.

செருப்பில்லாமல் நடப்பதாக வேண்டுதல். சர்க்கரை உண்டு.
– வாசகர், மன்னார்குடி

கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் தார் சுடுவதும் சீமைக்கருவேல முள் ஏறுவதும் தெரியாது. புண் ஆறவும் நாளாகும். உங்கள் டாக்டர் நடக்கச் சம்மதித்தால் காலணியோடு நடந்து, கோயில் வாசலில் கழற்றிக்கொள்ளலாம். சர்க்கரை இல்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை: வெயிலில் வெள்ளைக்கோடு தாரைவிடச் சூடு குறைவு என்று எல்லோரும் அதன்மேலேயே நடக்கிறார்கள். வண்டி உரசிப் போகும் இடமும் அதுதான்.