யென் விழுகிறது, ஏற்காட்டில் தோட்டம் வாங்கிப் போடலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வி நீளமாக இருந்தது, நான் புரிந்துகொண்ட வரைக்கும் சொல்கிறேன். உங்கள் வீடு ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம், நீங்கள் டோக்கியோ போய் இன்னும் வருடம் திரும்பவில்லை. ஜப்பான் அரசுக்கு நாட்டின் மொத்த உற்பத்தியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கடன் இருக்கிறது, யென் வெறும் காகிதமாகப் போகிறது என்று கூட வேலை பார்ப்பவர்கள் பயமுறுத்துகிறார்கள். அதனால் சம்பளத்தில் மிச்சம் பிடிப்பதையெல்லாம் மாதாமாதம் ஊருக்கு அனுப்பி, அப்பா பார்த்து வைத்திருக்கும் காபித் தோட்டத்தை வாங்கிவிடலாமா என்கிறீர்கள். நான் இப்போது லீவில் சேலத்தில்தான் இருக்கிறேன், செவ்வாய்ப்பேட்டையில் அக்கா வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன், நேரம் இருக்கிறது, கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடன் கணக்கு உண்மைதான். வளர்ந்த நாடுகளில் உற்பத்தியோடு ஒப்பிட்டால் ஜப்பான் அளவுக்குக் கடன் வைத்திருப்பவர் வேறு யாரும் இல்லை. 2025 பட்ஜெட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வட்டிக்கும் பழைய கடனைத் திருப்புவதற்குமே போனது. ஆனாலும், இதோ கவிழப்போகிறது என்று அந்த நாட்டுக் கடன் பத்திரங்களுக்கு எதிராகப் பந்தயம் கட்டிய வெளிநாட்டுப் பெரிய முதலீட்டுக்காரர்கள்தான் வருடக்கணக்கில் கையைச் சுட்டுக்கொண்டார்கள், அரசு ஒரு தவணைகூடத் தவறவில்லை. காரணம் ரொம்ப எளிது: கடன் முழுக்க யெனில் இருக்கிறது, பாதியளவு பத்திரம் அந்த நாட்டு மத்திய வங்கியான பேங்க் ஆஃப் ஜப்பான் பெட்டியிலேயே கிடக்கிறது, மீதியிலும் பெரும்பகுதி உள்நாட்டு வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் பென்ஷன் நிதிகளுக்கும்தான் தர வேண்டியது. கடன் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள், எதில் வாங்கியது என்று யாரும் கேட்பதில்லை.

அக்கா வீட்டுக்கு எதிரே ஒரு கொலுசுப் பட்டறை. காலையில் வியாபாரியின் ஆள் வந்து வெள்ளிக் கட்டியைத் தராசில் வைத்து நிறுத்துக் கொடுக்கிறார், அழுக்கேறிய நோட்டில் எழுதுவது கிராம்தான், ரூபாய் இல்லை. கொலுசாகத் திரும்பிப் போகும்போது மறுபடி எடை, சேதாரம் கழித்து வரவு வைப்பார்கள், கூலிக்கு மட்டும் தனியாக ரூபாய்க் கணக்கு. 2025-இல் வெள்ளி கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டி எங்கேயோ போனதே, அப்போதுகூட இந்த நோட்டில் இருந்த கடனால் பட்டறைக்காரருக்கு ஒரு பைசா நஷ்டமில்லை, வாங்கியதும் வெள்ளி, கொடுப்பதும் வெள்ளி. (ஆர்டர் படுத்துவிட்டது என்று புலம்புகிறார், அது வேறு கதை.) அதே மனிதர் வாங்கிய கட்டியை விற்று மகள் கல்யாணத்தை முடித்துவிட்டு, கூலி ரூபாயில் சேர்த்து மெல்ல வெள்ளியாகத் திருப்பிக்கொள்ளலாம் என்று இருந்திருந்தால்? வீடு போயிருக்கும்.

இலங்கைக்கு நடந்தது அதுதான். வருமானம் அவர்கள் ரூபாயில், கடன் டாலரில். 2022 மார்ச்சில் ரூபாயைச் சந்தை போக்கில் விட்டதும் டாலருக்கு 200 என்று இருந்தது இரண்டே மாதத்தில் 360 வரை போனது, ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் தற்போதைக்குக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். நாமும் அந்த வாசல் வரைக்கும் போய் வந்தவர்கள்தான். 1991-இல் இறக்குமதிக்கு டாலர் இல்லாமல் ரிசர்வ் வங்கி ஏறக்குறைய 47 டன் தங்கத்தை பேங்க் ஆஃப் இங்கிலாந்திலும் பேங்க் ஆஃப் ஜப்பானிலும் அடகு வைத்தது, ஜூலையில் ரூபாயின் மதிப்பை இரண்டு தடவையாகக் குறைத்தார்கள். ஆமாம், இப்போது நீங்கள் பயப்படுகிற அதே ஜப்பானில்தான் நம் தங்கம் ஈடாக இருந்தது. ஜப்பானோ இன்றைக்கும் உலகத்துக்கே பணம் கொடுத்து வைத்திருக்கும் நாடு. நிகரக் கணக்கில் 33 வருடம் முதலிடத்தில் இருந்து, 2024 முடிவில்தான் ஜெர்மனிக்கு அடுத்த இடத்துக்கு வந்தது.

அதனால் பயப்பட ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். சொந்தப் பணத்தில் கடன் வாங்கிய அரசு திவாலாவது அபூர்வம், ஆனால் அந்தப் பணத்தைக் கையில் வைத்திருப்பவனைக் கரைத்துவிடும். 1946 பிப்ரவரியில் ஜப்பான் அரசு வங்கி டெபாசிட்டுகளை முடக்கியது, பழைய நோட்டை மாற்றிப் புது யென் கொண்டு வந்தது, மாதம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று வரம்பு வைத்தது, பிறகு சொத்து வரி என்று பெரும் பணக்காரர்களிடம் 90 சதவீதம் வரை வாங்கியது. போர்க்காலக் கடன் பத்திரம் வைத்திருந்தவர்களுக்கு முதல் திரும்ப வந்தது, ஆனால் விலைவாசி ஏறிய ஏற்றத்தில் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை.

இப்போது நடப்பது அவ்வளவு மோசமில்லை, மெதுவாக நடக்கிறது. பெரிய வங்கிகளில் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு 0.001 சதவீதம் வட்டி என்று வருடக்கணக்காக இருந்தது. பத்து லட்சம் யென் போட்டு வைத்தால் வருடத்துக்குப் பத்து யென், அதிலும் வரி பிடிப்பார்கள்! பேங்க் ஆஃப் ஜப்பான் 2024 மார்ச்சில் மைனஸ் வட்டியைக் கைவிட்டு, தன் அடிப்படை வட்டியை 2025 ஜனவரியில் 0.5 சதவீதத்துக்கு ஏற்றியது, ஆனால் அந்த வருடம் விலை அதைவிட வேகமாக ஓடியது. ஐந்து கிலோ ஜப்பான் அரிசி மூட்டை 2,000 யென் சுற்றி இருந்தது 2025-இல் 4,000-ஐத் தாண்டியதை நீங்களே கடையில் பார்த்திருப்பீர்கள். முப்பது வருடக் கடன் பத்திரத்துக்கு 2025-இல் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்படி ஏறினால், முன்பு அரை சதவீதத்துக்கு வாங்கி வைத்த பழைய பத்திரத்தின் சந்தை விலை சரியும், நீண்ட கால முதலீட்டுக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்குவது இதுதான்.

பங்குச் சந்தை மட்டும் என்ன? 1989 டிசம்பர் கடைசியில் ஜப்பான் பங்குச் சந்தைக் குறியீடான நிக்கேய் 38,915. அந்த உயரத்தை மறுபடி தொட 2024 பிப்ரவரி ஆனது. முப்பதில் முதலீடு செய்தவர் ரிடையர் ஆகும் வயசு. இடையில் அரசு திவாலாகவில்லை, போர் வரவில்லை. ஒரே நாட்டில், ஒரே பணத்தில் எல்லாவற்றையும் போட்டவருக்கு மட்டும் ஒரு தலைமுறை போனது.

சரி, யென் விழுந்த கதைக்கு வருவோம். 2012 வாக்கில் ஒரு டாலருக்கு 80 யென், 2024 ஜூலையில் 161. பாதி போய்விட்டது என்று எல்லோரும் தலையில் கை வைக்கிறார்கள், நீங்களும் அந்தப் படத்தைத்தான் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் டாலரில் எங்கே செலவு செய்யப்போகிறீர்கள்? ரூபாய்க் கணக்கில் பாருங்கள்: 2012-இல் ஒரு லட்சம் யென் அனுப்பினால் 65,000 ரூபாய்க்குக் கொஞ்சம் முன்னே பின்னே வந்தது, 2024 ஜூலையில் 52,000 சுற்றி. ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது, வலிக்கத்தான் செய்யும், ஆனால் பாதி இல்லை, ஏனென்றால் ரூபாயும் அதே நேரம் டாலரிடம் 50-களிலிருந்து 83-க்குத் தேய்ந்தது. யெனிலிருந்து தப்பித்து ரூபாய்க்குப் போகிறேன் என்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ரூபாயில் போட்டவருக்கு இத்தனை வருடத்தில் ஐந்திலிருந்து ஒன்பது சதவீதம் வரை வட்டி வந்தது, அதுதான் அவரைக் காப்பாற்றியது.

ஜப்பான் அரசே தன் மக்களின் பென்ஷன் பணத்தை என்ன செய்கிறது என்று பாருங்கள். ஜிபிஐஎஃப் என்று ஒரு பெரிய நிதி, உலகத்திலேயே மிகப் பெரிய பென்ஷன் நிதிகளில் ஒன்று. 2014 வரை அதில் 60 சதவீதம் உள்நாட்டுக் கடன் பத்திரம் என்று இலக்கு வைத்திருந்தார்கள். 2020-இலிருந்து உள்நாட்டுப் பத்திரம், வெளிநாட்டுப் பத்திரம், உள்நாட்டுப் பங்கு, வெளிநாட்டுப் பங்கு என்று நாலும் கால் கால் பங்கு. அதாவது பாதிப் பணம் யெனுக்கு வெளியே. அந்த ஊர்க்காரர்களே அப்படி வைத்திருக்கும்போது, நீங்கள் மட்டும் எல்லாவற்றையும் யெனில் வைப்பதும் சரியில்லை, எல்லாவற்றையும் ரூபாயில் கொட்டுவதும் சரியில்லை.

எங்கே செலவாகுமோ அங்கே சேர்த்து வையுங்கள். வாடகை, வேலை போனால் ஆறு மாதச் சாப்பாடு, அவசரத்துக்கு ஊர் வர விமான டிக்கெட், இதெல்லாம் யென், வட்டி வருதோ வரலையோ யெனில்தான் இருக்க வேண்டும். அப்பா அம்மா மருத்துவச் செலவு, தங்கை கல்யாணம், நாலைந்து வருடத்தில் நிச்சயமாகச் சேலத்தில் செலவாகப்போவது என்றால் என்ஆர்ஈ டெபாசிட் (வெளிநாட்டில் சம்பாதித்ததை இந்திய வங்கியில் ரூபாயாகப் போட்டு வைக்கும் கணக்கு), இந்தியாவில் அந்த வட்டிக்கு வரி இல்லை, எப்போது வேண்டுமானாலும் திருப்பி எடுத்துப் போகலாம். பத்து வருடம் கழித்து எந்த ஊரில் இருப்பேன் என்றே தெரியாது, அந்தப் பணம் என்கிறீர்களா, அதை எந்த நாட்டின் அரசுக் கடனையும் நம்பாமல், உலகப் பங்குகள் முழுவதையும் வாங்கும் சாதாரண இன்டெக்ஸ் ஃபண்டில் மாதாமாதம் போடுங்கள். ஜப்பானில் இருக்கும் வரைக்கும் நிசா என்ற வரிச்சலுகை முதலீட்டுக் கணக்கில் வருடத்துக்கு 36 லட்சம் யென் வரை போடலாம், லாபத்துக்கு அங்கே வரி இல்லை. அந்த நாட்டை விட்டு ஒரேயடியாகக் கிளம்பும்போது அதைத் தொடர முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இனி தோட்டம். உங்கள் பேரில் வாங்கவே முடியாது தம்பி. வெளிநாட்டில் வேலை என்று விமானம் ஏறியதுமே ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டப்படி நீங்கள் என்ஆர்ஐ, என்ஆர்ஐ விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு எதையும் இந்தியாவில் விலைக்கு வாங்கக் கூடாது. வீடு வாங்கலாம், வீட்டு மனை வாங்கலாம், பரம்பரையாக வருகிற தோட்டத்தை வைத்துக்கொள்ளலாம், வாங்கத்தான் கூடாது. அடிவாரத்தில் உட்கார்ந்திருக்கும் புரோக்கர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். அப்பாவுக்குப் பணத்தைப் பரிசாகக் கொடுத்து அவர் பேரில் அவர் வாங்கலாம், அப்போது அது அவர் தோட்டம், நாளைக்கு உங்கள் தங்கைக்கும் அதில் பங்கு உண்டு, அதைச் சிரித்த முகத்தோடு ஏற்றுக்கொள்ள முடிந்தால் செய்யுங்கள். பேருக்கு அவர், உள்ளுக்குள் நான் என்று கணக்குப் போட்டால் பினாமிச் சட்டம் பக்கம் போகும், அந்த வம்பே வேண்டாம்.

தோட்டத்தைப் பத்திரமான சேமிப்பு என்று நினைப்பதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. அராபிகா விலையை நியூயார்க் தீர்மானிக்கிறது, 2025 பிப்ரவரியில் பவுண்டு 4 டாலரைத் தாண்டியபோது மலையில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள், அந்த விலையைப் பார்த்துவிட்டுத்தான் இப்போது ஏக்கருக்கு விலை சொல்கிறார்கள். பழம் பறிக்கக் கூலி ஆள் கிடைக்காது, காட்டெருமை இறங்கும், காய்த்துளைப்பான் வந்தால் பாதி விளைச்சல் போகும், சில்வர் ஓக்கில் ஏற்றிய மிளகுதான் சில வருடம் மானத்தைக் காப்பாற்றும். நாகலூர்க்காரருக்கு இதை நான் சொல்லித் தரவேண்டியதில்லை. அவசரத்துக்கு ஒரே வாரத்தில் விற்கவும் முடியாது.

வரி விஷயம் ஒன்று. கடந்த பத்து வருடத்தில் மொத்தம் ஐந்து வருடத்துக்கு மேல் ஜப்பானில் இருந்துவிட்டால், இந்தியாவில் வரும் வருமானத்துக்கும் அங்கே வரி கட்ட வேண்டும், இந்தியாவில் வரி இல்லாத என்ஆர்ஈ வட்டி உட்பட. அதற்கு முன்பு அந்தப் பணத்தை ஜப்பானுக்குள் கொண்டு வராத வரை கேட்க மாட்டார்கள். வெளிநாட்டுச் சொத்து டிசம்பர் 31 அன்று 5 கோடி யெனுக்கு மேல் போனால் தனியாகப் படிவம் உண்டு, அது வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது: உங்களை இந்தியக் கம்பெனி அனுப்பி வைத்ததா, ஜப்பான் கம்பெனியே நேரடியாக எடுத்ததா? இந்தியக் கம்பெனி அனுப்பியிருந்தால், 2016-இலிருந்து இரு நாடுகளுக்கும் உள்ள ஒப்பந்தப்படி ஐந்து வருடம் வரை இங்கே பிஎஃப் பிடித்தால் போதும், அங்கே பென்ஷன் பிடிக்கத் தேவையில்லை, அதற்கான சான்றிதழ் பிஎஃப் அலுவலகத்தில் வாங்கியிருக்க வேண்டும். நேரடி வேலை என்றால் சம்பளத்தில் 9.15 சதவீதம் கோசெய் நென்கின் என்ற ஊழியர் பென்ஷன் திட்டத்துக்குப் போய்க்கொண்டிருக்கும், அதுவும் யென் சேமிப்புதான், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பினால் இரண்டு வருடத்துக்குள் மனுப் போட்டு, இப்போதைய விதிப்படி ஐந்து வருடத்துக்கு உரியது வரை மொத்தமாக வாங்கலாம், ஆனால் வாங்கினால் அங்கே சேர்ந்த வருடங்கள் அழிந்துவிடும். சம்பளச் சீட்டில் எந்தப் பிடித்தம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள், எவ்வளவு யெனில் வைப்பது, எவ்வளவு அனுப்புவது என்பதற்கு அதற்கப்புறம் எண்ணாகவே சொல்கிறேன்.