4717ஐ உடைப்பது எப்படி?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ‘எந்த இரண்டு பகா எண்களைப் பெருக்கினால் 4717 வரும்?’ என்று ஒரு கணக்கு. 2, 3, 5, 7 என்று வகுத்துக்கொண்டே போனவள், 31 வந்ததும் நோட்டை மூடிவிட்டாள். குறுக்கு வழி ஏதும் உண்டா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: உண்டு அம்மா. அவள் போன வழியிலும் 53 வரை போனால் விடை வந்துவிடும். ஆனால் மொத்தம் 16 வகுத்தல். அந்த வயதில் யாருக்கும் அலுப்பு வரத்தான் செய்யும்.

4717இன் வர்க்கமூலம் 68க்கும் 69க்கும் நடுவில் இருக்கிறது. 69இல் தொடங்குங்கள். அதன் வர்க்கத்திலிருந்து 4717ஐக் கழித்து, மீதியும் ஒரு வர்க்கமா என்று பாருங்கள்.

69 × 69 = 4761, மீதி 44. வர்க்கம் இல்லை.
70 × 70 = 4900, மீதி 183. மூன்றில் முடிகிற வர்க்கமே கிடையாது, யோசிக்காமல் அடுத்ததற்குப் போகலாம்.
71 × 71 = 5041, மீதி 324. இது 18இன் வர்க்கம்!

அப்புறம் என்ன, 4717 என்பது 71இன் வர்க்கத்திலிருந்து 18இன் வர்க்கத்தைக் கழித்தது, அதாவது (71 – 18) × (71 + 18). 71இலிருந்து 18ஐக் கழித்தால் 53, கூட்டினால் 89. இரண்டும் பகா எண்கள். 53 × 89 = 4717.

17ஆம் நூற்றாண்டில் பிரான்சின் கணித மேதை ஃபெர்மா சொன்ன வழி இது. இதை நடத்தும்போதெல்லாம் ஜெவன்ஸ் கதையையும் வகுப்பில் சொல்லிவிடுவேன். 1874இல் இந்த ஆங்கிலேயப் பேராசிரியர் தன் நூலில் 8616460799 என்ற எண்ணைக் கொடுத்து, எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் இது வரும் என்பது தன்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியவர வாய்ப்பில்லை என்று நினைப்பதாக எழுதினார். விடை 89681 × 96079. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. 92825இல் தொடங்கி ஃபெர்மா வழியில் போனால் 56ஆவது முயற்சியில், 92880இல், விடை விழுந்துவிடும். பொறுமையுள்ள ஒரு மாணவி ஒரு விடுமுறை நாளில் பேப்பரிலேயே போட்டுவிடலாம்! இணையப் பரிமாற்றங்களைக் காக்கும் ஆர்.எஸ்.ஏ. என்ற ரகசியக் குறியீட்டுப் பூட்டும் இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வந்த எண்ணை நம்பித்தான் இருக்கிறது. அதற்கு எண் தேர்ந்தெடுப்பவர்கள், இரண்டு பகா எண்களும் நெருங்கி அமைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது இதனால்தான்.

எண்கள் தள்ளி இருந்தால் இந்த வழி படாதபாடு படுத்தும். 4711ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 4717க்குப் பக்கத்து வீடுதான், ஆனால் இது 7 × 673. வகுத்துப் பார்த்தால் நாலாவது முயற்சியில் முடிந்தது. வர்க்கத்தில் இறங்கினால் 69இலிருந்து 340 வரை, 272 முயற்சி. ஆகவே முதலில் 20க்குள் இருக்கும் பகா எண்களால் வகுத்துப் பார்க்கட்டும். எதுவும் சரிவராவிட்டால் வர்க்கத்துக்குப் போகட்டும். நான் போடுவதும் அப்படித்தான்.

அடுத்து அவளிடம் 6499ஐக் கொடுங்கள். 81இல் தொடங்கச் சொல்லுங்கள், ரொம்ப தூரம் போக வேண்டியிருக்காது.